எல்கேஜி சேர்க்கோணும், பாப்பா அம்மாயியை விட்டு நகர மாட்டேங்குது

திருப்பூர் அம்மா:
பாப்பாவுக்கு மூணரை வயசுங்க. நாங்க ரெண்டு பேரும் பனியன் கம்பெனி, வெடியால எட்டரைக்கு உள்ள இருக்கோணும். பகலெல்லாம் எங்கம்மாகிட்ட, அதான் அம்மாயிகிட்டத்தான் இருக்கும். சேர்க்கை அன்னிக்குக் கேட்டைப் பார்த்ததுமே அழுது வாந்தி எடுத்துருச்சு. பள்ளிக்கூடம் ஒம்பதரைல இருந்து பன்னெண்டரை வரைக்கும். தொறக்க இன்னும் மூணு வாரம் இருக்குது. மொத நாள் கண்ணுல படாம நழுவி வந்தர்றதா, கூடவே உக்கார்றதா?

ஊஞ்சல்:
நழுவி மட்டும் வராதீங்க. அன்னிக்கு அழுகை கம்மியாத்தான் தெரியும். அடுத்த நாள்ல இருந்து எப்பக் காணாமப் போவாங்களோன்னு வீட்டுலயும் முந்தானையை விடாது. கூடவே உக்காந்தா, அழுதா அம்மா இருப்பான்னு கத்துக்கும். மிஸ் கையில புடிச்சுக் குடுத்து, ஒரு தடவை கட்டிப்புடிச்சு, தினமும் ஒரே வார்த்தை சொல்லுங்க: "டப்பா சாப்ட்டு, பாட்டுப் பாடி முடிச்சதும் அம்மாயி கேட்டுகிட்ட நிப்பாங்க." பன்னெண்டரைன்னா அந்த வயசுக்குப் புரியாது. ஒரு நிமிசத்துல கெளம்பிருங்க. ஜன்னல்ல எட்டிப் பார்த்தீங்கன்னா அடங்குன அழுகை மறுக்கா ஆரம்பிச்சுரும். அரை மணி கழிச்சு மிஸ்ஸுக்குப் போன் பண்ணிக் கேளுங்க.

இந்த மூணு வாரத்துல பிரிஞ்சு பழக்குங்க. மொத வாரம் சித்தி வீட்டுல அரை மணி, அடுத்த வாரம் ஒரு மணி, அப்பறம் ரெண்டு மணி. சொல்லிட்டுப் போகோணும், சொன்னபடி வரோணும். லேட்டானா நம்பிக்கை கெட்டுரும்.

மருந்துக்கட்டு:
வாந்திக்கு முதல்ல வயித்தைப் பாருங்க. டம்ளர் நெறையப் பாலைக் குடிச்சுட்டு அழுதா வெளிய வந்துரும். கெளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி போதும், பால் சாயந்திரம் குடிக்கட்டும்.

பெரியவங்க கவனிக்காதது கழிப்பறை. வீட்டுல வெஸ்டர்ன், பள்ளியில குத்தவெச்சு உக்கார்றதுன்னா பயந்து அடக்கும். அடக்க வேண்டியிருக்கும்னு தண்ணியும் குடிக்காது. கொஞ்ச நாள்ல மலச்சிக்கல், அப்பறம் வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். பொத்தான், ஹூக் வேண்டாம், எலாஸ்டிக் வெச்ச உடுப்பு போடுங்க. வீட்டுல என்ன வார்த்தை சொல்லிக் கேக்குதுன்னு மிஸ்ஸுக்கு முன்னாடியே சொல்லிருங்க.

டப்பாவும் அப்படித்தான். கிளிப் வெச்ச மூடியைத் தானாத் தொறக்குதான்னு வீட்டுத் தரையில உக்கார வெச்சுப் பாருங்க. அரிசிம்பருப்பு சாதம் ஆறுனா கெட்டியாயிரும், ஸ்பூன்ல வராது. மொத வாரத்துக்குக் கையில எடுத்துத் திங்கிறதாக் குடுங்க.

சென்னிமலைக்காரர்:
"சேட்டை பண்ணுனா மிஸ்கிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்"னு வீட்டுல யாராச்சும் மெரட்டுறாங்களா? பாதிப் பயம் அங்கதான் மொளைக்குது. அம்மாயி கொண்டு போய் விட வேண்டாங்க, கேட்டுல அவங்களும் கண்ணைத் தொடைப்பாங்க. ரெண்டு வாரம் அப்பா பர்மிசன் போட்டு விடட்டும், கூட்டியார்றது அம்மாயி. வேன்ல இப்பவே ஏத்தாதீங்க, ஒரு பயம் தீரட்டும்.

திருப்பூர் அம்மா:
பால் விசயம் சரியாத்தான் இருக்குதுங்க, அன்னிக்கு ஒரு டம்ளர் குடிச்சுட்டுத்தான் வந்துச்சு. மொத வாரம் அழாமப் போயிட்டு ரெண்டாவது வாரம் அழுகுமுன்னு சொல்றாங்களே, அது நெசமா?

ஊஞ்சல்:
நெசந்தானுங்க. மொத வாரம் வேடிக்கை. இது தினமும்னு தெரியறப்பத்தான் அழுகை வரும். திங்கக்கெழமையும், ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வந்தாலும் கூடுதலா இருக்கும். அழுகுதேன்னு நடுவுல லீவு போட்டீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்.

மருந்துக்கட்டு:
நாலு வாரம் தாண்டியும் அதே அழுகைன்னாலோ, பள்ளி நாள்ல மட்டும் வயித்துவலி, ஞாயித்துக்கெழமை சொகமா இருக்குதுன்னாலோ குழந்தை டாக்டர்கிட்டக் காட்டுங்க. குறிப்பிட்ட ஒரு ஆளையோ, ஒரு எடத்தையோ சொல்லிப் பயந்தா நாலு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே நேர்ல போய் விசாரிங்க.