மறு: ரேடியேட்டரை மேலே தூக்கி வைப்பதற்குத் தமிழில் என்ன?

குழு உறவுகளுக்கு வணக்கம்.

> ‘கதிர்வீசி இடமாற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். அகராதியில் இருக்கும் சொல்தானே.

ஆசிரியர் ஐயா, அகராதிச் சொல்லை நான் தள்ளவில்லை. போன வாரம் இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்தில், எங்கள் வீட்டு முன்னால் ஒரு ஏ.டி.வி.யின் (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கரத் திறந்த வண்டி) ரேடியேட்டரை, அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பெட்டியை, மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது உதவிக்கு நின்ற அக்காள் மகனிடம் அதைத்தான் சொன்னேன். “மாமா, கதிரை வீசுது என்றால் சேறு அடைத்தால் என்ன, அது பாட்டுக்கு வீசாதா?” என்று கேட்டான். பதினைந்து வயதுப் பையன். அவன் கேட்டது சரியான கேள்வி.

அந்த ஏ.டி.வி. நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஓடுவது. ரேடியேட்டர் முன்சக்கரங்களுக்கு நடுவே தாழ்வாக இருக்கிறது. மழை பெய்தால் சக்கரம் வாரியடிக்கும் சேறு நேரே அதன் தகடுகளுக்குள் போய் இறுகிவிடும். பிறகு காற்றாடி எவ்வளவு சுற்றினாலும் காற்று உள்ளே நுழையாது, சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தப் பெட்டியிலிருந்து வெப்பம் வெளியேறுவது பெரும்பாலும் காற்று பட்டுத்தான். கதிர்வீச்சாகப் போவது சிறு பங்கு. ஆங்கிலப் பெயரே பொருந்தாத பெயர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் பிழையும் கூடவே வந்துவிட்டது.

பையனுக்கு நான் காட்டியது மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடைத் தே தாரிக், அதாவது இழுத்த தேநீர். அங்கே என்ன நடக்கிறது? சூடான தேநீரை மெல்லிய இழையாக நீட்டிக் காற்றில் படவிடுகிறார்கள். ரேடியேட்டரிலும் வெந்நீர் மெல்லிய குழாய்களாகப் பிரிந்து, தகடுகள் வழியே காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு எஞ்சினுக்குத் திரும்புகிறது. இந்தச் செயலுக்கு நம் வீட்டில் பெயர் இருக்கிறது: ஆற்றுதல். பாலை ஆற்று, கஞ்சியை ஆற்று என்று அம்மா சொல்லாத நாள் உண்டா? ஆகவே நீராற்றி என்று முன்மொழிகிறேன்.

> ‘உரையாற்றி’, ‘பணியாற்றி’ போல வினையெச்சமாக ஒலிக்கிறதே, தம்பி.

ஈப்போ அண்ணன் சொல்வது உண்மை. ஆனால் வடிகட்டி, சுமைதாங்கி, குளிரூட்டி எல்லாமே அப்படித்தான். ‘தேநீரை வடிகட்டிக் கொடுத்தாள்’ என்பதையும் ‘வடிகட்டி எங்கே’ என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இந்தச் சொல் கிளைக்கவும் செய்கிறது. எஞ்சின் எண்ணெயைக் குளிரவைக்கும் சிறு பெட்டி எண்ணெயாற்றி. டர்போ வண்டிகளில் அழுத்திய காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்புவது காற்றாற்றி. ‘கதிர்வீசி’யிலிருந்து இந்த இரண்டையும் எப்படி எடுப்பது? குளிரூட்டியை நான் தவிர்த்ததற்குக் காரணம், அது ஏர்கோனுக்குப் போய்விட்டது.

அடுத்து ‘இடமாற்றம்’. நம் ஊரில் அது தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு வரும் கடிதம். அதைவிடப் பெரிய குறை, இந்த வேலையின் உயிரான செய்தி அதில் இல்லை: உயரம். இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். நீராற்றியைக் கழற்றி ஹேண்டிலுக்கு முன்னால் இருக்கும் சுமைத்தட்டின் மேல் பொருத்தி, காற்றாடியின் வயரை நீட்டி, இணைப்புக் குழாய் போட்டு ஓஸையும் (தண்ணீர் போய்வரும் ரப்பர் குழாய்) நீட்டியாயிற்று. ஓஸை மடங்காமல் வளைத்துக் கட்டியதில் ஒரு வளைவு நீராற்றியின் மூடியைவிட மேலே நின்றுவிட்டது. காற்று அந்த வளைவில் போய்த் தங்கியது. பெட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் சுற்றோட்டம் நின்று, பத்தே நிமிடத்தில் சூட்டு விளக்கு எரிந்தது. நல்லவேளை, உடனே அணைத்தேன். முழுதாக ஆறும்வரை மூடியைத் தொடவில்லை. உள்ளே 1.1 பார் வரை அழுத்தத்தை அடைத்துவைக்கும் மூடி என்றால் வெறும் தண்ணீர்கூட உள்ளே 120 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும். சூட்டோடு திறந்தால் அவ்வளவும் பீறிட்டு முகத்துக்கு வரும். பிறகு ஓஸைத் தாழ்த்திக் கட்டி, முன்சக்கரங்களைப் பலகையில் ஏற்றி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, ஓஸைப் பிசைந்து பிசைந்து குமிழி நிற்கும்வரை ஊற்றினோம். பட்டறைகளில் இதைக் ‘காத்து எடுக்குறது’ என்கிறார்கள். ‘காற்றெடுப்பு’ என்று அப்படியே எடுத்துக்கொள்வோம்.

மூடிதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கவேண்டும். அந்த விதியைப் பெயரே நினைவூட்டட்டும் என்றுதான் நீராற்றி மேலேற்றம் என்கிறேன். மேலே ஏற்றினால் பம்ப் தண்ணீரைத் தூக்கத் திணறாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சுற்று மூடியது. ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் ஈடுகட்டிவிடும். நீண்ட ஓஸின் உராய்வு மட்டும் கொஞ்சம் கூடும்.

இனி எனக்கு விடை கிடைக்காத ஒன்று. உள்ளே ஓடிச் சூட்டை ஏந்திவரும் திரவமான கூலன்டுக்கும் இதே வேரிலிருந்து பெயர் எடுக்கப் பார்த்தேன். ‘ஆற்றுநீர்’ என்று வந்து, எங்கள் பக்கம் ஓடும் ‘மூடா’ என்ற ஆற்றுக்குப் போய்விட்டது. ‘தணிநீர்’ என்றால், அதில் பாதியளவு எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம். நீர் என்று பெயரிட்டால் யாராவது வாசலில் கொட்டிவிடுவார்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், சிறிதளவே உயிரை எடுக்கும். எனவே நீர் என்ற சொல் இல்லாமல், வாயில் சுலபமாக வரும் பெயர் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதுவரை இந்த வேலையைப் பற்றிய என் கட்டுரையில் கூலன்ட் என்றே விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து