மகளின் கட்டணத்தை இங்கிலாந்துக்குப் பவுணில் அனுப்ப வேண்டும்: புரோக்கரா, வங்கியா?

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

வணக்கம். மகளுக்கு இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விசாவுக்குத் தேவையான சி.ஏ.எஸ். கடிதம் தருவதற்கு முன் 8,400 பவுண் முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். இவருடைய ஊழியர் சேமலாப நிதிக் காசைத்தான் நிலையான வைப்பில் போட்டு வைத்திருந்தோம். அதை உடைத்தாயிற்று. இனி அனுப்ப வேண்டியதுதான்.

காலி வீதியில் நாங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கேட்டேன். பவுண் 401 ரூபாய் என்றார்கள். மகளின் விண்ணப்பத்தைச் செய்து கொடுத்த ஏஜென்சிப் பையன், செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் தனக்குத் தெரிந்த ‘புரோக்கர்’ இருக்கிறார், 394க்குத் தருவார் என்கிறான். “அன்ரி, காசைக் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் யூனிவர்சிட்டிக் கணக்கில் விழும்.” கல்யாணக் கார்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பவுணுக்கு 7 ரூபாய் வித்தியாசம், 8,400 பவுணுக்கு 58,800 ரூபாய். மகளின் ஒருவழி டிக்கெட்டில் நல்ல ஒரு பங்கு அது.

இதற்கிடையில் லெஸ்டரில் இருக்கும் என் பெரியம்மா மகன், “ஏன் வங்கிக்குப் போகிறீர்கள், கரன்சி புரோக்கர் கொம்பனிகள் இருக்கின்றனவே, போனிலேயே செய்யலாம்” என்று ஒரு இணைப்பை அனுப்பினான். திறந்து பார்த்தால் எந்த நாட்டிலிருந்து அனுப்புகிறீர்கள் என்ற பட்டியலில் இலங்கையே இல்லை. இரண்டு தடவை மேலும் கீழும் தேடினேன்.

யாராவது அண்மையில் அனுப்பியிருந்தால் சொல்லுங்கள். கட்டணம் கட்ட இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை_குமார் எழுதியது:

அக்கா, யோசிக்காமல் 394க்குக் கொடுங்கள். தம்பிக்கு நான் மூன்று தடவை இப்படித்தான் அனுப்பினேன், ஒரு பிரச்சினையும் இல்லை. வங்கிக்குப் போனால் ஆயிரம் பேப்பர் கேட்பார்கள், அரை நாள் மினக்கேடு. ஆனால் ஆள் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்.

ரி.ரி._கவுண்டர் எழுதியது:

தங்கச்சி, நான் ஒரு வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். குமார் தம்பி கோபிக்கக் கூடாது, ஆனால் இந்தக் காசை அந்த மேல்மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இங்கிலாந்தில் சொல்கிற ‘கரன்சி புரோக்கர்’ என்ற தொழில் கொழும்பில் நமக்குக் கிடையாது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி ரூபாயை மாற்றி வெளியே அனுப்பும் அதிகாரம் வங்கிகளுக்குத்தான். மணி சேஞ்சர் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் தொங்கும். அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். கிட்டப் போய் வாசித்துப் பாருங்கள். அது நாணயத்தாள் மாற்றுவதற்கான அனுமதி, வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்புவதற்கானது இல்லை. உங்கள் மேல்மாடிக்காரர் செய்வது உண்டியல். இங்கே உங்கள் ரூபாயை வாங்கி வைத்துக்கொள்வார். அங்கே ஊருக்குக் காசு அனுப்ப விரும்பும் யாரோ ஒருவரின் பவுண் அவருடைய கூட்டாளியிடம் இருக்கும். அந்தப் பவுணால் உங்கள் மகளின் கட்டணம் கட்டப்படும். காசு கடல் தாண்டுவதே இல்லை, அதனால்தான் இரண்டு மணித்தியாலம். வங்கி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ஓர் இடத்தில் அவர் நிற்கிறார், அதனால்தான் 394.

சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். எனக்குப் பயம் வேறு இடத்தில். பல்கலைக்கழகத்தின் புத்தகத்தில் அந்தக் கட்டணத்தைக் கட்டியவர் யார்? உங்கள் கணவர் இல்லை. லண்டனில் யாரோ ஒருவர், ஒருவேளை யாரோ ஒருவரின் கார்ட். நாளைக்கு விசா மறுக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்கள், ஆனால் பெரும்பாலும் எங்கிருந்து வந்ததோ அங்கேயேதான் திருப்புவார்கள். பணச் சலவைக்குப் பயந்து வைத்த விதி அது. அப்போது உங்கள் 33 இலட்சம் பெயர் தெரியாத ஒருவரின் கணக்கில் போய் உட்காரும். செட்டியார் தெருவில் யாரைப் பிடித்துக் கேட்பீர்கள்? கையில் ஒரு துண்டுகூட இருக்காது. இன்னொன்று, திருடிய கார்ட்டால் மாணவர்களின் கட்டணத்தைக் கட்டிவிட்டு அவர்களிடம் குறைந்த விலையில் காசு வாங்கும் கூட்டம் அங்கே இருக்கிறது. பல்கலைக்கழகங்களே இதைப் பற்றி எச்சரிக்கை போடுகின்றன. கார்ட்டின் சொந்தக்காரர் முறையிட்டதும் கட்டணம் திரும்பிப் போய்விடும், பிள்ளை கட்டாதவள் ஆகிவிடுவாள்.

இனி உங்கள் 401. அது காலையில் பலகையில் போடுகிற விலை. 100 பவுண் வாங்குகிறவருக்கும் அதுதான், 8,400 பவுண் வாங்குகிறவருக்கும் அதுதான், நீங்கள் வாய் திறக்காவிட்டால். எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆள் கேட்டால் நாங்கள் தலைமை அலுவலக டிரெஷரிக்கு, அதாவது நாணயம் வாங்கி விற்கும் பிரிவுக்கு, போன் எடுப்போம், அவர்கள் ஒரு விலை சொல்வார்கள், அது கொஞ்ச நேரத்துக்குத்தான் நிற்கும். ஆள் எதிரில் பேனாவோடு இருந்தால் வேலை முடியும். “வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று போனால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே போகும்போதே எல்லாவற்றையும் கொண்டு போங்கள்: இடம் கிடைத்த கடிதம், கட்டண விபரப் பத்திரம், மகளின் கடவுச்சீட்டுப் பிரதி, உங்கள் இருவரின் அடையாள அட்டை, வைப்பை உடைத்த பத்திரம். அதே காலையில் இன்னும் இரண்டு வங்கிகளுக்கு போன் எடுத்துக் கேளுங்கள். கேட்கும்போது ‘ரி.ரி. விற்கும் விலை’ என்று சொல்லிக் கேளுங்கள். ரி.ரி. என்றால் வங்கிக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக் கணக்குக்கு நேரே அனுப்புவது. சும்மா பவுண் என்ன விலை என்றால் நாணயத்தாள் விலையைச் சொல்லிவிடுவார்கள். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அன்றன்றைய சராசரி ரி.ரி. விலை இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மரியாதையே வேறு.

அப்புறம் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பலர் பார்ப்பதே இல்லை. கட்டணங்கள் யாருடையது என்று கேட்டு ஆங்கிலத்தில் ‘அவர்’ (OUR, எல்லாம் அனுப்புகிறவருடையது), ‘ஷா’ (SHA, இரு பக்கமும் பங்கு), ‘பென்’ (BEN, எல்லாம் பெறுகிறவருடையது) என்று மூன்று இருக்கும். ஷாவில் கோடு போட்டால் நடுவில் கைமாற்றும் வங்கி தன் பங்கை உங்கள் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். போன வருடம் என் மருமகனுக்கு அப்படித்தான் ஆனது. போன தொகை சரி, போய்ச் சேர்ந்தது 17 பவுண் குறைவு. பல்கலைக்கழகக் கணினியில் ‘நிலுவை 17.00’ என்று சிவப்பில் நின்றது, பதிவை முடிக்க விடவில்லை. அந்த 17 பவுணை அனுப்ப மறுபடி ஒரு ரி.ரி. போட்டோம். அதற்கான கட்டணம் 17 பவுணை விடக் கூட! அனுப்பியது நான், 26 வருடம் அதே கவுண்டரில் இருந்தவன். மனைவி இன்றுவரை விடவில்லை. நீங்கள் ‘அவர்’ என்பதில் கோடு போடுங்கள். குறிப்பு இடத்தில் மகளின் மாணவர் இலக்கத்தை நீங்களே வாசித்துச் சரிபாருங்கள்.

பவுண் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 அளவில் நின்றபோது இன்னும் இரண்டு கிழமை பார்ப்போம் என்று போன ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். மே மாதம் அது 360ஐத் தாண்டியது. கட்ட வேண்டிய திகதி தெரிந்த காசில் விளையாட்டு வேண்டாம்.

லெஸ்டர்_தம்பி எழுதியது:

ஐயா சொன்னது சரி. புரோக்கர் கொம்பனிகள் இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத்தான், நாங்கள் இங்கிருந்து ஊருக்கு அனுப்பும்போது. அக்காவின் சகோதரர் அதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க ஏலாது. 2018இல் பிரீமியர் எஃப்எக்ஸ் என்ற புரோக்கர் கொம்பனி விழுந்தது. வாடிக்கையாளர் காசைத் தனியாகப் பாதுகாத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அப்படி வைக்கவில்லை. இவ்வளவுக்கும் எஃப்.சி.ஏ., அதாவது இங்கே நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு, அனுமதி கொடுத்த கொம்பனி. வங்கி விழுந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி இவர்களுக்கு இல்லை. நான் எஃப்.சி.ஏ. பதிவேட்டில் கொம்பனியின் பெயரையும் என்னென்ன செய்ய அனுமதி என்பதையும் பார்ப்பேன், காசை அங்கே தங்கவும் விடமாட்டேன்.

அக்கா, மகள் வந்ததும் ஒன்று சொல்லி வையுங்கள். “உன் கணக்கில் கொஞ்சக் காசு போடுகிறேன், மற்றவருக்கு மாற்றிவிடு, 50 பவுண் உனக்கு” என்று நம் ஆட்களே கேட்பார்கள். என்னுடன் இருந்த பையன் செய்தான். கணக்கை மூடினார்கள். மோசடிப் பதிவில் பெயர் ஏறினால் 6 வருடம் இருக்கும், வேறு வங்கியில் கணக்குத் திறப்பதே பெரும்பாடு.

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருப்பித் தரும்போது யாருக்குப் போகும் என்ற விஷயம் என் மண்டையில் வரவேயில்லை. இவரிடம் வாசித்துக் காட்டினேன், டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஐயா, ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா, டொலராக அனுப்பினால் இலாபம், டொலர் விலை குறைவுதானே என்கிறார். உண்மையா?

ரி.ரி._கவுண்டர் எழுதியது:

இல்லை தங்கச்சி. ரூபாயிலிருந்து டொலர், பிறகு அங்கே டொலரிலிருந்து பவுண். இரண்டு தடவை வெட்டு. விபரப் பத்திரம் பவுணில் என்றால் பவுணிலேயே அனுப்புங்கள்.

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

செவ்வாய்க்கிழமை போனோம். திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்பதை மறந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியது தனிக் கதை.

எங்கள் வங்கி 401இலிருந்து அசையவில்லை. பம்பலப்பிட்டியில் மகள் சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கிக்கு போன் எடுத்தேன். பலகை விலை 399.50. “ரி.ரி. விற்கும் விலை, 8,400 பவுண், எல்லாப் பத்திரமும் கையில், இன்றே” என்று ஐயா சொன்ன மாதிரியே ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, வாருங்கள் அன்ரி என்றாள். நாங்கள் எதிரில் இருக்கும்போதே டிரெஷரிக்கு போன் எடுத்தாள். 397.80. இவர் உடனே கையெழுத்துப் போட்டார். முதல் சொன்ன விலையோடு பார்த்தால் 26,880 ரூபாய் மிச்சம். ‘அவர்’ கட்டத்தில் கோடு போட்டதற்குத் தனியாகக் கட்டணம் எடுத்தார்கள், பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் அறையிலிருந்து கத்தினாள். நிலுவை 0.00.

கொட்டாஞ்சேனை_குமார் எழுதியது:

மேல்மாடியில் கொடுத்திருந்தால் இன்னும் 31,920 மிச்சம் அக்கா. நானும் கணக்குப் போட்டேன்.

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

போட்டீர்கள்தானே தம்பி, சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். இவர் அந்தத் தொகையை விசா வரும்வரை நிம்மதியாகத் தூங்குவதற்கான வாடகை என்கிறார்.

ரி.ரி._கவுண்டர் எழுதியது:

வங்கியில் ஸ்விஃப்ட் பிரதி, அதாவது காசு அனுப்பியதாக வங்கி விட்ட செய்தியின் பிரதி, ஒன்று கேட்டு வாங்கி விசாக் கோப்பில் வையுங்கள். கேட்டால்தான் தருவார்கள்.