ஒரு கமாவுக்கு ஃப்ளெக்ஸா?

முகப்புத்திண்ணை:
காரைக்குடி நூறடி ரோட்டுல அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தீங்களா? "உலக மென்பொருளுக்குப் பங்களித்த எங்கள் மாணவச் செல்வம்"னு ஆளுயரப் படம். மாலை ஒண்ணுதான் பாக்கி. அப்படி என்னதான் பண்ணிட்டாருன்னு, மென்பொருள் கோடைத் திறந்து வெச்சு யாரு வேணாலும் திருத்தம் அனுப்பலாம்ங்கிற ஓப்பன் சோர்ஸ் வேலை நடக்கிற கிட்ஹப் தளத்துல தேடிப் போனா, ஒரு கமா. சத்தியமா ஒரே ஒரு கமா. ரீட்மிங்கிற விளக்கக் குறிப்பு ஃபைல்ல ஒரு வரிக் கடைசியில கமா போட்டிருக்காரு, ப்ராஜெக்ட்காரங்க ஏத்துக்கிட்டு மெர்ஜ் ஆயிருச்சு. போன வாரம் தேவகோட்டைரஸ்தா இங்க எழுதினாரே, "காலேஜ் பசங்க எல்லாரும் ஓப்பன் சோர்ஸுக்கு வரணும், எழுத்துப்பிழை திருத்தினாலே நீ டெவலப்பர்தான்"னு, அதுக்கு விளைஞ்ச வெள்ளாமை இது. வள்ளல் அழகப்பர் சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்த ஊருய்யா. அவரு ஃப்ளெக்ஸ் வெச்சாரா?

தேவகோட்டைரஸ்தா:
அண்ணே, ஃப்ளெக்ஸ் வெச்சது காலேஜ். என்னை ஏன் இழுக்கிறீங்க? "டெவலப்பர்தான்"னு நான் எழுதல. "அங்கேருந்து ஆரம்பிக்கலாம்"னுதான் எழுதினேன், மேல போய்ப் படிங்க. லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கர்னல்லயே ஆவணத்துல இருக்கிற எழுத்துப்பிழையைத் திருத்துற மாதிரி குட்டித் திருத்தம், அதான் பேட்ச்சுக்குன்னு "டிரிவியல்"னு தனியா ஒரு வழி வெச்சிருந்தாங்க. இன்னும் பக்குவப்படாத டிரைவருங்க இருக்கிற ஸ்டேஜிங் பக்கம் புதுசா வர்றவங்க, கோடு எழுதின நடை சரியான்னு பார்க்கிற செக்பேட்ச் ஓட்டி ஸ்பேஸ், டேப் திருத்தித்தான் பேட்ச் அனுப்பக் கத்துக்கிறாங்க. அவங்களையும் விரட்டிருவீங்களா?

முகப்புத்திண்ணை:
கர்னலுக்குப் பேட்ச் அனுப்பணும்னா கோடு மாற்றத்தையெல்லாம் கணக்கு வெக்கிற கிட் தெரியணும், பிளெயின் டெக்ஸ்ட்ல மெயில் போடணும், இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்குன்னு சைன்ட் ஆஃப் வரி எழுதணும், பத்துப் பேர் கேள்வி கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்லணும். நம்ம செல்வம் பிரவுசர்லயே பென்சில் படத்தை அமுக்கி ஒரு கமா வெச்சாரு. ரெண்டும் ஒண்ணா? பந்தியில உப்பு வெச்சவன் நான்தான் சமைச்சேன்னு சொன்ன கதையால்ல இருக்கு.

பள்ளத்தூர்ப்பொண்ணு:
அந்த உப்பு இல்லாம ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கண்ணே.

கோட்டையூரான்:
இப்பல்லாம் பந்தியில உப்பு எங்கங்க வெக்கிறான்? காண்ட்ராக்ட்காரன் கேட்டாத்தான் கொண்டாறான். போன வைகாசியில ஒரு கல்யாணத்துல ரெண்டு தடவை கேட்டும் வரல.

முகப்புத்திண்ணை:
கோட்டையூரான், விஷயத்துக்கு வாங்க. கமாவைப் பத்திப் பேசுறோம்.

மூணாம்வருசம்_சிஎஸ்:
அந்தக் கமா போட்டது நான்தாங்க. ஃப்ளெக்ஸ் வெக்கச் சொல்லி நான் கேட்கல. போட்டோவைக்கூட ஐடி கார்டுலருந்துதான் எடுத்திருக்காங்க. ஆனா அது சும்மா கமா இல்ல. ரீட்மியில, மென்பொருளோட செட்டிங்ஸை ஜேசன்ங்கிற வடிவத்துல எப்படி எழுதணும்னு ஒரு கான்ஃபிக்கை உதாரணமாக் கொடுத்திருந்தாங்க. போர்ட் 8080-ன்னு ஒரு வரி, அடுத்த வரி டேட்டாபேஸ் பேரு. நடுவுல கமா இல்ல. அப்படியே காப்பி பண்ணி ஓட்டினா, படிக்க முடியலைன்னு பார்ஸ் எரர்தான் வரும். நானே ஒரு ராத்திரி பூரா முட்டிக்கிட்டு, அப்புறம்தான் கண்டுபிடிச்சேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் பிரச்சினை இருக்குன்னு அங்க இஷ்யூ போட்டுட்டு விட்டுட்டுப் போயிருக்காங்க.

பள்ளத்தூர்ப்பொண்ணு:
அப்ப அது வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம் இல்ல, பக் ஃபிக்ஸ். முகப்புத்திண்ணை அண்ணே, ஜேசன்ல கமா விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

முகப்புத்திண்ணை:
தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அந்தக் கமா சோர்ஸ் கோடுல இருந்துச்சா, ரீட்மியில இருந்துச்சா? ரீட்மியிலதான? முடிஞ்சுபோச்சு. கோடை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற கம்பைலர் ரீட்மியைப் படிக்காது.

தேவகோட்டைரஸ்தா:
கம்பைலர் படிக்காதுண்ணே, மனுஷன் படிப்பான்.

முகப்புத்திண்ணை:
வசனம் நல்லாயிருக்கு. அடுத்த ஃப்ளெக்ஸுல போடச் சொல்லுங்க. 2020 அக்டோபர்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? ஹேக்டோபர்ஃபெஸ்ட்ங்கிற ஓப்பன் சோர்ஸ் விழாவுல, என் திருத்தத்தைச் சேர்த்துக்கங்கன்னு கேட்கிற புல் ரிக்வெஸ்ட் நாலு போட்டா டிஷர்ட்டுன்னாங்க. பசங்க கூட்டங்கூட்டமா இறங்கி ஊர்ல உள்ள ரீட்மியில எல்லாம் "அமேசிங் ப்ராஜெக்ட்"னு ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பினாங்க. பராமரிக்கிறவங்க கதறின கதறல்ல, மாசம் ஆரம்பிச்ச மூணாம் நாளே, ப்ராஜெக்ட்காரங்க சம்மதிச்சாத்தான் கணக்குன்னு விதியையே மாத்தினாங்க. அப்புறம் 2023-ல டிஷர்ட்டையே நிறுத்திட்டாங்க. 2024-ல எக்ஸ்பிரஸ் ஜேஎஸ்ங்கிற வெப் ஃப்ரேம்வொர்க்கோட ரீட்மியில தன் பேரைச் சேர்க்கச் சொல்லி வந்து குவிஞ்ச ரிக்வெஸ்ட்? யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே பண்ணினவங்க. பெரும்பாலும் நம்ம நாட்டுப் பசங்க. "சும்மா ஒண்ணு பண்ணு தம்பி"ன்னு உசுப்பேத்திவிட்டதோட பலன்.

மூணாம்வருசம்_சிஎஸ்:
நான் எங்கயும் என் பேரைச் சேர்க்கலைங்க. டிஷர்ட்டும் வாங்கல.

முகப்புத்திண்ணை:
உன்னைச் சொல்லல தம்பி, பொதுவாச் சொன்னேன். ஆனா கமா கமாதான்.

பள்ளத்தூர்ப்பொண்ணு:
பொதுவாச் சொல்றதுன்னா ஃப்ளெக்ஸுல இருக்கிற பையனை ஏன் இழுக்கிறீங்க? 2014-ல ஹார்ட்ப்ளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப என்ன தெரிஞ்சுது? இணையத்துல தகவலைப் பூட்டி அனுப்ப உலகமே நம்பிக்கிட்டிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல்லைப் பார்த்துக்க விரல்விட்டு எண்ணுற ஆள்தான். அளவைச் சரிபார்க்காம விட்ட ஒரே இடம், அதுல போச்சு. ஆள் வேணும்ணே. படிக்கிற காலத்துல வராத பசங்க வேலைக்குப் போனப்புறமா வரப்போறாங்க?

முகப்புத்திண்ணை:
ஆள் வேணும், கமா போடுற ஆள் இல்ல. ஃபைலைச் சுருக்குற எக்ஸ்இசட் மென்பொருளோட கதை தெரியுமா உங்களுக்கு? ஒருத்தன் சின்னச் சின்னப் பேட்ச்சாக் கொடுத்து நல்ல பேரு வாங்கி, அதைப் பராமரிச்சுக் களைச்சுப்போயிருந்த மனுஷன்கிட்டருந்து பொறுப்பையே வாங்கி, கடைசியில பின்கதவு வெச்சுட்டான். 2024 மார்ச்ல, வேற கம்ப்யூட்டருக்குள்ள லாகின் பண்ணுற எஸ்எஸ்எச் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினியர் நோண்டிப் பார்க்கலைன்னா தெரிஞ்சே இருக்காது. சின்னப் பங்களிப்பு, சின்னப் பங்களிப்புன்னு குதிக்கிறவங்க இதை யோசிக்கணும்.

தேவகோட்டைரஸ்தா:
அடேங்கப்பா. கமாவுல ஆரம்பிச்சு தம்பியை உளவாளி ஆக்கியாச்சு. அந்த எக்ஸ்இசட்டைத் தனியாளாத் தூக்கிச் சுமந்தவருக்குக் கூட ரெண்டு நல்ல கை இருந்திருந்தா அவன் உள்ளயே வந்திருக்க மாட்டான். உங்க உதாரணம் எங்க பக்கம்தான் பேசுது.

கோட்டையூரான்:
எல்லாம் சரி, முகப்புத்திண்ணை சார் கிட்ஹப்ல என்ன எழுதிச் சேர்த்து கமிட் பண்ணியிருக்காருன்னு யாராச்சும் பார்த்தீங்களா? நான் பார்த்தேன். புரொஃபைல் பாலைவனம்.

முகப்புத்திண்ணை:
நான் மெயிலிங் லிஸ்ட் காலத்து ஆளு. பங்களிச்ச நாளைக் காட்டுற கிட்ஹப் பச்சைக் கட்டத்தை வெச்சு என்னை அளக்காதீங்க. தமிழ்நாடு அரசோட எல்காட் நிறுவனத்துல லினக்ஸ் வந்தப்ப ஆபீஸ் ஆபீஸாப் போய் பிரிண்டர் வேலை செய்ய வெச்சவன் நான். 2011-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப்ல விண்டோஸோட நம்ம நாட்டு பாஸ் லினக்ஸும் இருந்துச்சே, உங்கள்ல யாராவது ஒரு நாள் அதுல பூட் பண்ணியிருப்பீங்களா? அழிச்சுட்டுப் படம் ஏத்திவெச்சவங்கதான இப்ப ஓப்பன் சோர்ஸ் பாடம் நடத்துறீங்க.

கோட்டையூரான்:
அழிக்கிறதைப் பத்தி நீங்க பேசாதீங்க சார். இன்ஸ்டால் ஃபெஸ்ட்டுன்னு கூப்பிட்டு என் லேப்டாப்ல உபுண்டு லினக்ஸ் போடுறேன்னு டி டிரைவைச் சுத்தமாத் துடைச்சது யாரு? ப்ராஜெக்ட் ரிப்போர்ட், தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாம் போச்சு.

முகப்புத்திண்ணை:
பேக்கப் எடுத்தாச்சான்னு கேட்டேன். தலையை ஆட்டுனீங்க.

கோட்டையூரான்:
காபி வேணுமான்னு கேட்டதுக்கு ஆட்டுனேன்.

பள்ளத்தூர்ப்பொண்ணு:
ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கங்க. நான் சொல்ல வந்தது வேற. கோடு தெரிஞ்சாத்தான் உள்ள வரணும்னு ஒண்ணும் இல்ல. லிப்ரே ஆபீஸ் மென்பொருளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கு, குரல் பதிவு சேர்க்கிற காமன் வாய்ஸுக்குத் தமிழ்ல வாக்கியம் படிச்சுக் கொடுக்கலாம், விக்கிமூலம் இணைய நூலகத்துல பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லாம பக்கம் பக்கமாக் கிடக்கு. நம்ம கலைக்கல்லூரித் தமிழ்த்துறைப் பசங்க இன்னைக்கே ஆரம்பிக்கலாம். சீனியர் ஒருத்தர் கூட உட்கார்ந்து முதல் தடவை காட்டிக்கொடுத்தாப் போதும், அப்புறம் அவங்களே போயிருவாங்க.

முகப்புத்திண்ணை:
மெய்ப்புப் பார்க்கிறதுன்னா என்ன? மறுபடியும் கமாதான.

பள்ளத்தூர்ப்பொண்ணு:
உங்களுக்குக் கமாவைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாதா?

மூணாம்வருசம்_சிஎஸ்:
ஒரு கேள்வி. உதவித்தொகை கொடுத்து ஓப்பன் சோர்ஸ் வேலை பார்க்க வெக்கிற கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு இந்த வருசம் போடலாம்னு இருக்கேன். 2005-ல மாணவருக்குன்னு ஆரம்பிச்சதாம், 2022-லருந்து 18 வயசு தாண்டின வேற ஆட்களும் வரலாம்னு ஆயிருச்சாம். போட்டி ஜாஸ்தியாயிருக்குமோ? ப்ரபோசல் எழுதுறதுக்கு முன்னாடி அந்த ப்ராஜெக்ட்ல எத்தனை புல் ரிக்வெஸ்ட் இருந்தா நல்லது? எங்க காலேஜ்ல கேட்க ஆள் இல்ல, அதான் இங்க கேட்கிறேன்.

முகப்புத்திண்ணை:
எத்தனைன்னு எண்ணுறான் பாருங்க. இதைத்தான் ஆரம்பத்துலருந்து சொல்றேன். ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைச் சொல்ற ஜிபிஎல் லைசென்ஸை முழுசா ஒரு தடவை படிச்சிருக்கியா தம்பி? அதை முதல்ல படி.

தேவகோட்டைரஸ்தா:
தம்பி, அவரை விடு. எண்ணிக்கை முக்கியமில்ல, அந்த ப்ராஜெக்ட் ஆளுங்களோட சாட்டுல இப்பவே போய்ச் சேரு, ஒரு உருப்படியான இஷ்யூவை எடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் செக்காலை ரோட்டுக்கு வா, உட்கார்ந்து பார்ப்போம்.

முகப்புத்திண்ணை:
போ தம்பி, போ. போன மீட்டிங்ல இவரு ஆரம்பிச்சது ஆறு மணிக்கு, வைஃபை பாஸ்வேர்டு கிடைச்சது ஏழரைக்கு. மிச்ச நேரம் போண்டா.

தேவகோட்டைரஸ்தா:
அந்த போண்டாவுல நாலு சாப்பிட்டது யாருண்ணே?

கோட்டையூரான்:
அப்படியே என் 64 ஜிபி பென்டிரைவையும் கேளுங்க. நேரா லினக்ஸ் ஓட்டுற லைவ் யூஎஸ்பி போட்டுத் தர்றேன்னு அன்னைக்கு வாங்கிட்டுப் போனாரு, இன்னும் வரல.

முகப்புத்திண்ணை:
அது 64 இல்ல, 16. அதுவும் போலி. கோட்டையூர்ல வந்து வீசிட்டுப் போறேன்.