பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குத் தீராத அசதி, வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் பாதித்தது. பிசியோதெரபியில் கை கால் நன்றாகவே தேறிவிட்டது, பேச்சும் தெளிவு, ஆனால் அசதி மட்டும் விடவே இல்லை. குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டும், வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் அதைக் கேட்பதற்கே களைத்துப் போகிறார், ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் காலையில் அதே நிலைமைதான். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "நல்லாத்தானே இருக்கீங்க, எழுந்து நடங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவர் முகம் வாடிவிடுகிறது. இது சோம்பல் இல்லை, லேசான பக்கவாதம் வந்தவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு என்று டாக்டரே சொன்னார்.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது, சரியாக இருக்கிறது. குறட்டை அதிகம் என்பதால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று அடுத்து பார்க்கப் போகிறோம். சில பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வு இவையும் காரணமாகலாமாம், அதையும் கேட்க வேண்டும்.

தையல் கடைக்கு அரை நாளாவது போக வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். உங்கள் வீட்டில் யாராவது இப்படி வேலைக்குத் திரும்பினார்களா? ஓய்வையும் வேலையையும் எப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள், பகலில் எவ்வளவு நேரம் தூங்க விட்டீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.