அம்ப் ஒலியைக் குறைக்கும் கேபிள்: நாள்பட உழைக்கும்படி செய்வது எப்படி?

வெள்ளவத்தைவாசி
வணக்கம். என் மேசை அம்ப்பில் (ஒலிபெருக்கும் கருவியில்) சிறிய இயர்போனைச் செருகினால், குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே காதடைக்கிறது. அதற்கும் கீழே இறக்கினால் இடக் காதில் மட்டும் பாட்டுக் கேட்கிறது. பாட்டு வரும் கருவிக்கும் அம்ப்புக்கும் இடையில் போட, தடையிகள் (ரெசிஸ்டர்கள்) வைத்த கேபிள் ஒன்றை நானே செய்ய நினைக்கிறேன். கடையில் வாங்கியவை எல்லாம் பிளக்கின் கழுத்தில் அறுந்துபோகின்றன. அறாமல் உழைக்க என்ன வழி?

ஈயக்கம்பி
ஒரு காதில் மட்டும் கேட்பது பெரும்பாலும் பழுதல்ல. குமிழின் பின்னால் இடக் காதுக்கு ஒன்றும் வலக் காதுக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிக் கட்டுப்பாடுகள் சேர்ந்து சுழல்கின்றன. தொடக்கத்தில் அவை ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவது அரிது. அம்ப்புக்குள் நுழையும் சிக்னலைக் குறைத்தால் குமிழை நடுப்பகுதியில் வைத்துக் கேட்கலாம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு தடையிகள் போதும். சிக்னல் வழியில் 3 கிலோ ஓம். அது முடியும் இடத்திலிருந்து தரைக்கு, அதாவது கேபிளின் கிரவுண்ட் வயருக்கு, 1 கிலோ ஓம். மின்னழுத்தம் நாலில் ஒன்றாகும், அதாவது 12 டெசிபெல் குறையும். 20 டெசிபெல் குறைய வேண்டுமானால் அவற்றுக்குப் பதிலாக 10 கிலோ, 1.1 கிலோ. மதிப்பு 1 சதவீதத்துக்கு மேல் பிசகாத உலோகப் படலத் தடையிகளையே வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து ஜோடி சேருங்கள். இவற்றைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம்.

இனி உழைப்பைப் பற்றி. உலோக உறையுள்ள ஆர்சிஏ பிளக்கை எடுத்து, அம்ப் பக்கத்துப் பிளக்குக்குள்ளேயே தடையிகளை அடக்குங்கள். பிளக்கின் வாலில் உள்ள கவ்வி கேபிளின் வெளித்தோலைக் கடிக்க வேண்டும். யாராவது கேபிளை இழுத்தால் அந்த இழுவை கவ்வியோடு நின்றுவிட வேண்டும். பற்றவைத்த இடத்துக்குப் போகவே கூடாது. இன்னொன்று: ஈயம் செப்பு இழைகளுக்குள் ஊறி ஏறும். ஊறிய பகுதி விறைத்துவிடும். விறைப்பு முடியும் இடத்தில்தான் வயர் ஒடியும். ஆகவே அந்த இடமும் உறைக்குள்ளேயே அடங்கட்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குச் செப்பு பச்சை பிடிக்கும் என்பதால், சூட்டில் சுருங்கும், உட்புறம் பசையுள்ள குழாயால் பிளக்கின் வாயை அடைத்துவிடுங்கள்.

தெஹிவளைத் தம்பி
அண்ணா, இயர்போன் பக்கத்தில் ஒரு 100 ஓம் தடையியைத் தொடராக வைத்தால் வேலை சுலபமல்லவா?

ஈயக்கம்பி
வேண்டாம் தம்பி. பல ட்ரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள இயர்போன்களின் மின்மறுப்பு, அதாவது சிக்னலுக்கு அவை காட்டும் தடை, அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். தொடரில் 100 ஓம் வந்தால் ஒலியின் தன்மையே மாறிவிடும். பாடகரின் குரல் பின்னுக்குப் போகலாம், உச்ச ஒலி துருத்தலாம். நல்ல இயர்போனுக்கு அந்த அநியாயத்தைச் செய்யக் கூடாது.

பம்பலப்பிட்டி ரசிகை
ஒரு கேள்வி. பாட்டை நிறுத்திய பிறகும் மெல்லிய இரைச்சல் கேட்கிறதா? குமிழைத் திருப்பினாலும் அது மாறாவிட்டால் அம்ப்பின் உள்ளே பிறப்பது. முன்னால் போடும் கேபிள் அதைத் தொடாது. பற்றவைக்கும் முன் அம்ப்பின் பின்புறத்தையும் பாருங்கள். பெருக்கத்தின் அளவை மாற்றும் கெயின் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைத் தாழ்வில் வைத்துக் கேளுங்கள்.

வெள்ளவத்தைவாசி
சுவிட்ச் இல்லை, இரைச்சலும் இல்லை. 3 கிலோ, 1 கிலோ வாங்கப் போகிறேன். கேபிள் அரை மீட்டர் போதுமா?

ஈயக்கம்பி
தாராளமாக.