புதுப்பிப்பு: அடுப்பு அல்ல, விறகுதான் குற்றவாளி

போன குளிர்காலத்தில் இங்கே புலம்பியிருந்தேன்: வீட்டைச் சூடாக்க வைத்த விறகு அடுப்பு புகைகிறது, கண்ணாடிக் கதவு இரண்டே நாளில் கரியாகிறது, அறை மட்டும் சூடேற மாட்டேன் என்கிறது என்று. ‘ஈர விறகா?’ எனக் கேட்டவரிடம் கோபப்பட்டேன். மன்னிக்கவும், நீங்கள் சொன்னதுதான் சரி.

விறகின் ஈரத்தை அளக்கும் ஈரமானியை வைத்துப் பார்த்தால் கட்டையின் வெளிப்பக்கம் 18 சதவீதம். பிளந்து உள்முகத்தில் வைத்தால் 34! 20-க்குக் கீழே இருக்க வேண்டும். சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போயிருக்கிறது. புகைபோக்கிக்குள் தார் போலப் படிவு வேறு. அது தீப்பற்றினால் வீட்டுக்கே ஆபத்து. ஆள் வைத்துச் சுத்தம் செய்தாயிற்று.

கோடை முழுக்கக் கோடாலிதான். சிறிதாகப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம். (முன்பு தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தியது என் முட்டாள்தனம்.) முதுகு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் கணுவில்லாத கட்டை ஒரே வெட்டில் இரண்டாகும்போது வருகிற சுகம் இருக்கிறதே!

இப்போது உள்முகம் 16. இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்கிறது. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. சாம்பல் அள்ளுவதுதான் குறையவில்லை. மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டி, வெளியே வைக்கிறேன். மறுநாளும் உள்ளே கங்கு கிடக்கிறது.