நள்ளிரவு தாண்டினால் என்ஜின்எக்ஸ் லாக் வருவதில்லை (ஃப்ளுவென்ட் பிட், உபுண்டு)

ராக்காவல்:
என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் லாக் (பதிவு) கோப்புகளைப் படித்து வேறிடத்துக்கு அனுப்ப, சர்வரில் ஃப்ளுவென்ட் பிட் நிறுவினேன். பேக்கேஜோடு வரும் சர்வீஸ் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்கில்) ஓடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக ஒரு யூசர் உருவாக்கி, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் ஓவர்ரைடில் அந்தப் பெயரைப் போட்டேன். உடனே 'பர்மிஷன் டினைட்'. சரி என்று ஆக்சஸ் லாகுக்கு சிஎச்மோட் 644 (எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதி) கொடுத்தேன், வரிகள் வந்து கொட்டின. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. மறுபடி 644, மறுபடி வருகிறது, மறுபடி ராத்திரி நிற்கிறது. மூன்று நாளாக இதே கூத்து. சர்வீஸ் என்னவோ பச்சையாக 'ஆக்டிவ்' என்றுதான் காட்டுகிறது.

அவசரக்குடுக்கை:
யூசர் வரியை எடுத்துவிட்டு ரூட்டாகவே ஓட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

ராக்காவல்:
ரூட்டாகவே ஓட்டுவதென்றால் இவ்வளவு பாடு எதற்கு?

பழையசாவி:
நிற்பது ஃப்ளுவென்ட் பிட்டால் இல்லை, லாக் கோப்புகளை நாள்தோறும் மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட்டால். நள்ளிரவில் அது பழைய கோப்பைப் பெயர் மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. என்ஜின்எக்ஸுக்கான லாக்ரொட்டேட் கோப்பைத் திறந்து பாருங்கள், 'கிரியேட் 0640' என்று ஒரு வரி இருக்கும், அதாவது உரிமையாளரும் குரூப்பும் மட்டுமே படிக்கலாம். உரிமையாளர் டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா, குரூப் ஏடிஎம். நீங்கள் கொடுத்த 644 பழைய கோப்போடு போயே போய்விட்டது.

அந்த 0640-ஐ 0644 ஆக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். ஆக்சஸ் லாகில் வருகிறவர்களின் ஐபி முகவரி இருக்கிறது, யுஆர்எல்லில் டோக்கன் வைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். சர்வரில் இருக்கும் எல்லோரும் அதைப் படிக்க வேண்டியதில்லை.

உங்கள் யூசரை ஏடிஎம் குரூப்பில் சேருங்கள். உபுண்டுவில் அந்தக் குரூப் இருப்பதே லாக் படிப்பதற்குத்தான். அதற்கு யூசர்மோட் கமாண்ட் கொடுக்கும்போது பெரிய ஜி-யோடு சின்ன ஏ-வும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஏ-வை விட்டால் அந்த யூசர் ஏற்கெனவே இருந்த மற்ற குரூப்பெல்லாம் கழன்றுவிடும். ஒருமுறை என் சொந்தக் கணக்குக்கே அப்படிச் செய்து, சூடோவை (ரூட் அதிகாரத்தில் கமாண்ட் ஓட்டும் உரிமையை) இழந்து உட்கார்ந்திருந்தேன். சேர்த்த பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குப் புதுக் குரூப் தெரியாது.

அப்புறம், ஃப்ளுவென்ட் பிட் கான்ஃபிக்கில், கோப்பைப் படிக்கும் டெயில் பகுதியில், படித்த இடத்தைக் குறித்துவைக்கும் டிபி வரி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் எதுவரை படித்தோம் என்பதை அது மறந்துவிடும்.

ராக்காவல்:
குரூப்பில் சேர்த்தேன், 644-ஐ 640-க்கே திருப்பினேன், வருகிறது! ஆனால் டிபி வரி சேர்த்ததும் சர்வீஸே எழ மாட்டேன் என்கிறது. சூடோவோடு கையால் ஓட்டினால் மட்டும் ஓடுகிறது.

பழையசாவி:
முதலில் சூடோவோடு ஓட்டினீர்கள், அப்புறம்தானே சர்வீஸ்? அப்படியென்றால் அந்த டிபி கோப்பை ரூட் உருவாக்கிவிட்டது, உங்கள் யூசரால் அதில் எழுத முடியாது. அது எஸ்க்யூஎல்லைட் என்ற டேட்டாபேஸ் கோப்பு. பக்கத்திலேயே துணைக் கோப்புகளையும் உருவாக்கும், அதனால் கோப்புக்கு மட்டும் சிஎச்ஓன் போட்டு உரிமையாளரை மாற்றினால் போதாது. டிபிக்கென்று தனி ஃபோல்டர் வைத்து, ஃபோல்டரையே அந்த யூசர் பேருக்கு எழுதிவிடுங்கள். இனிமேல் சோதனைக்குக் கையால் ஓட்டினாலும் அதே யூசராகவே ஓட்டுங்கள்.

ராக்காவல்:
அதேதான். நேற்று ராத்திரி 1 மணி வரை விழித்திருந்து பார்த்தேன், கோப்பு மாறியது, வரிகள் நிற்கவில்லை. விட்டுப்போன மூன்று ராத்திரி லாகை எடுக்க வழி உண்டா?

பழையசாவி:
உண்டு. லாக் ஃபோல்டரில் 14 நாள் வரை பழைய கோப்புகள் இருக்கும். 1 என்று முடிவது சுருக்கப்படாமல் இருக்கும், மற்றதை ஜிசிப்பிலிருந்து வேறிடத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். தனி கான்ஃபிக் ஒன்றில் அவற்றைக் காட்டி, 'ரீட் ஃப்ரம் ஹெட்' (தொடக்கத்திலிருந்து படி) ஆன் செய்து ஒருமுறை ஓட்டினால் போதும். நீங்கள் 644 போட்ட பிறகு வந்த வரிகள் இரண்டு முறை ஏறும், நேரத்தைப் பார்த்து முன்கூட்டியே வெட்டிவிடுங்கள்.